மஞ்சள் டப்பா

எங்கள் பனிச்சறுக்கு வீரர்கள் ஊக்க மருந்தில் மாட்டிக்கொண்டு நாடே வாயை மூடிக்கொண்ட வருஷம் அது. புனிதர் திருநாளன்று அடித்த காற்றில் தெற்கே காடு காடாகச் சாய்ந்ததும் அதே வருஷம்தான். மார்க்கா நோட்டுக்கு அது கடைசி வருஷம், சனவரி பிறந்ததும் யூரோ வந்துவிட்டது. எனக்கு அப்போது அறுபத்தைந்து வயது. ஓலு நகரத்தில் துறைமுகக் கிடங்குக் காவலிலிருந்து ஓய்வு பெற்று, மூன்றாவது மாடியில் தனியாக இருந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எட்டு வயதில் போர் எங்களை ஸ்வீடனுக்கு விரட்டியது. திரும்பி வந்தபோது வகுப்பு என்னை விட்டு வெகுதூரம் போயிருந்தது. பதின்மூன்றில் மரம் வெட்டும் முகாமுக்குப் போய்விட்டேன். எழுத்து தெரியாதவனுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு தடவை காதில் விழுந்தது போகாது. கீழே வருகிற கடிதங்களை அப்படித்தான் வைத்திருந்தேன். சொல்கிறவன் நான், எழுதும் கை வேறு.

அந்த நாளில் எனக்குப் படித்துக் காட்டியும் எழுதிக் கொடுத்தும் உதவியவள் மேல்வீட்டு கெர்த்து. முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள்.

*

கயானி, 16 செப்டம்பர் 2001

தம்பி ஹெய்மோவுக்கு,

இங்கே மூச்சு ஓடுகிறது, இடுப்புதான் ஓடமாட்டேன் என்கிறது. உன் இருமல் எப்படி? இதைப் படித்துக் காட்டுகிறவருக்கும் என் வணக்கம்.

ரித்வா என்னிடம் திரும்பி வந்து ஐந்து மாதம் ஆகிறது. விவாகரத்தில் அவள் பங்குக்கு வந்தது ஒரு கார். அது ஆய்வில் தேறவில்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும், முதல் பஸ் ஆறேகாலுக்கு. ஆறு கிலோமீட்டர். வழி உனக்குத் தெரியும்.

குளிர்காலத்துக்கு மலிவாக ஒரு சைக்கிள் பூட்டித் தர முடியுமா என்று மாமாவிடம் கேள் என்றாள். அவள் கேட்கச் சொன்னதால் கேட்கிறேன். நான் கேட்கவில்லை.

உருளைக்கிழங்கு எடுத்தாகிவிட்டது. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

சாய்மி

*

"நான் கேட்கலன்னு எழுதியிருக்காங்க. கேக்கறாங்களா, கேக்கலையா?" என்றாள் கெர்த்து.

"ரெண்டும்தான்" என்றேன்.

அவளுக்கு அன்றுதான் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் கயானியில் ஒரு மில்லின் சைக்கிள் கொட்டகையில் மெக்கானிக். அக்கா வீட்டில் நாலு பேர்: அக்கா, அவள் புருஷன் ஆர்வோ, மூத்தவன் ஓலவி, சின்னவள் ரித்வா. ஓலவிக்குப் பதினேழு வயதில் மில்லில் வேலை கிடைத்தது. நான் ஒரு சைக்கிள் பூட்டிக் கொடுத்தேன். ஒரே கியர், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். 1971 சனவரியில் ஒரு காலை, வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டரில் இருக்கிற பாலத்து இறக்கத்தில், பையன் பின்னால் பின்னால் மிதித்தான், சக்கரம் நிற்கவில்லை என்று பார்த்தவர் சொன்னார். கீழே மர லாரி. ஆர்வோ என்னிடம் "உன் பிரேக்குடா" என்று ஒரே தடவை சொன்னார். அக்கா அதைக்கூடச் சொல்லவில்லை. நான் ஓலுவுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு யாருக்கும் சைக்கிள் பூட்டவில்லை.

"கிரீஸ் என்ன போட்டீங்க?" என்று கேட்டாள் கெர்த்து. அவள் அப்பா மோட்டார் படகு ஓட்டியவர்.

"பச்ச டப்பா. குளிர்காலத்துது. எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன். பச்சதான்."

*

ஓலு, 23 செப்டம்பர் 2001

அக்காவுக்கு,

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். உன் இடுப்புக்கு வெந்நீர்ப் பை வை, டாக்டரிடம் போனால் நடக்கச் சொல்லுவார்.

சைக்கிள் விஷயம். என் கை முப்பது வருஷமாக இதை விட்டுவிட்டது. நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் நான் தொடவில்லை. ரித்வாவுக்கு நானே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். எழுதாவிட்டால் ஆரம்பிக்கிறேன்.

ஹெய்மோ

(இவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். டாக்டரைச் சொன்னதில் இரண்டு வார்த்தை விட்டுவிட்டேன். கெர்த்து.)

*

கயானி, 4 அக்டோபர் 2001

ஹெய்மோ மாமாவுக்கு,

நலமா? நான் நலம். அம்மா தன் இடுப்பைப் பற்றி எழுதியிருப்பாள், அது உண்மைதான்.

உங்கள் கடிதத்தை அம்மா நாலு நாள் ரொட்டிக் கூடைக்கு அடியில் வைத்திருந்தாள். பிறகு என்னிடம் கொடுத்து, "நீயே பதில் போடு" என்றாள். அம்மா பேசாமல் இருப்பது சம்மதம் இல்லை, மறுப்பும் இல்லை. அதற்கு நடுவில்தான் நான் குடியிருக்கிறேன்.

கடைத்தெருவில் இருபத்தொரு கியர் சைக்கிள் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. சிவப்பு. அதை வாங்கினால் என்ன? உங்களுக்கும் சிரமம் இல்லை. இல்லை, நீங்கள் பூட்டுவதுதான் நல்லது என்றால், எனக்கு வேண்டியது மூன்றுதான்: பாவாடை சிக்கக் கூடாது, மலிவாக இருக்க வேண்டும், காலையில் யாரையும் எழுப்பாமல் கிளம்ப வேண்டும். விறகுக் கொட்டகையில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டேன்.

பாலத்து வழியாகத்தான் போக வேண்டும். சுற்றிப் போனால் பதினொரு கிலோமீட்டர்.

ரித்வா

*

ஓலு, 14 அக்டோபர் 2001

ரித்வாவுக்கு,

இங்கே எல்லாம் பழையபடி. கெர்த்துவுக்குத்தான் என்னால் விரல் வலி.

உன் இருபத்தொரு கியர் சைக்கிள் அக்டோபர் முடிய நல்ல சைக்கிள். நவம்பரில் ஈரப் பனி கியருக்குள் போய் உறையும். இருபத்தொன்றில் எது மாட்டிக்கொண்டதோ அதுதான் வசந்தம் வரைக்கும் உன் கியர். ஒரே கியர் என்று முதலிலேயே நாம் முடிவு செய்துவிட்டால் அதனோடு சண்டை இல்லை.

குப்பைக் கிடங்கில் ஒரு சட்டம் கிடைத்தது. பெண்கள் ஏறுகிற மாதிரி தாழ்ந்த சட்டம், இரும்பு, நல்ல கனம். டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே என் கட்டை விரல் தாராளமாக நுழைகிறது. நான் தேடியது அதைத்தான். பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயரும் அதில் அப்புகிற பனியும் உரசாமல் போக வேண்டும். செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் முன்னால் முப்பத்தெட்டுப் பல், பின்னால் இருபது. முதல் நாள் கால் சும்மா சுற்றுகிறதே என்று தோன்றும். கனத்த கோட்டும் புதுப் பனியும் சேரட்டும், அப்போது இதுவே மலை ஏறுகிற மாதிரி இருக்கும். செயினுக்கு முழு மூடி, பாவாடை சிக்காது. பெடல் அகலமானது, ரப்பர் பூட்ஸோடு மிதிக்கலாம். சக்கரத்தில் உரசுகிற டைனமோ பனியில் வழுக்கும், அதனால் பேட்டரி விளக்கு.

புதிதாக வாங்குவது முன் டயர் ஒன்றுதான். முன்சக்கரம் வழுக்கினால் நீ தரையில். பின்சக்கரம் வழுக்கினால் ஒரு கெட்ட வார்த்தையோடு போய்விடும். ஆகவே பின்னால் பழைய ஆணி டயர், பாதி ஆணி உதிர்ந்தது, போதும்.

பெடல் பிரேக் பின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடு உருளைக்குள். அதற்குள் போடுகிற கிரீஸ் இரண்டு டப்பாவில் வரும். மஞ்சள் டப்பா கோடைக்கு, கடுங்குளிரில் மெழுகு மாதிரி இறுகிவிடும். பச்சை டப்பா குளிர்காலத்துக்கு. இதில் பச்சை.

முன்னால் இன்னொரு பிரேக், கையால் பிடிப்பது. கெர்த்து தன் பழைய ஆபீசில் சண்டை போட்டு, கழித்துவிட்ட தபால்காரர் சைக்கிள் ஒன்றின் முன்சக்கரத்தை வாங்கி வந்தாள். பிரேக் ஹப்புக்குள்ளேயே இருக்கிறது, பனி போகாது. கடிதங்கள் நிறையச் சுமந்த சக்கரம், உன்னையும் சுமக்கும்.

அம்மாவின் பேச்சை அவள் பேசாதபோதும் கேள்.

ஹெய்மோ மாமா

*

கயானி, 5 நவம்பர் 2001

தம்பிக்கு,

காற்று இங்கே கூரைத் தகடு இரண்டை எடுத்துக்கொண்டு போனது. அங்கே ஜன்னல் தாங்கியதா? சளிக்குத் தேன் சாப்பிடு.

ரித்வா உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது.

பிரேக் இரண்டா? சரியாக எழுது. இரண்டுதானா?

சாய்மி

*

ஓலு, 18 நவம்பர் 2001

அக்காவுக்கு,

ஜன்னல் தாங்கியது. தேன் தீர்ந்துவிட்டது.

இரண்டுதான். இரண்டையும் நானே இங்கே கண்காட்சி மைதானத்துச் சரிவில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றை விட்டு ஒன்றாக. அன்று ஓலவிக்கும் இரண்டு போட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் யாரும் போடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், புதன்கிழமை நிலையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டியிருக்கிறேன், நேராக்கி முடுக்கச் சொல்.

ரித்வாவிடம் ஒன்று மட்டும் அழுத்திச் சொல். எவ்வளவு குளிரானாலும் இதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. குளிர்காலச் சைக்கிள் குளிரிலேயே நிற்க வேண்டும். பாசம் காட்டி அடுப்புப் பக்கம் நிறுத்தினால் அதில் ஒட்டிய பனி உருகி ஹப்புக்குள் இறங்கும். காலையில் வெளியே எடுத்த சில நிமிஷத்தில் அந்தத் தண்ணீர் உள்ளேயே உறைந்து, பெடலைப் பின்னால் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. என்ன கிரீஸ் போட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதைத் துறைமுகத்தில் தள்ளுவண்டிச் சக்கரங்களில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மில்லில் இருந்தபோது எனக்கே தெரியாது, அங்கே சைக்கிள்கள் எப்போதும் வெளியில்தான் நிற்கும்.

முதல் வாரம் எப்படிப் போகிறது என்று எழுது.

ஹெய்மோ

*

முதல் வாரம் போனது. பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. கெர்த்து திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாய்மி, ரித்வான்னு பேர் மட்டும் போட்டிருக்கு. ரெண்டும் ஒரே கையெழுத்து" என்றாள்.

"யார் கை?"

"சின்னவங்க கை."

சைக்கிளில் ஏதோ கோளாறு, சொல்லத் தயங்குகிறார்கள் என்று நினைத்தேன். கொக்கியில் தொங்கிய கோட்டை இரண்டு தடவை எடுத்து மாட்டினேன், கயானி பஸ்ஸுக்குப் போக. இரண்டு தடவையும் கழற்றி வைத்தேன்.

*

கயானி, 6 சனவரி 2002

தம்பிக்கு,

உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு மற்றதை எழுதுவதுதான் முறை. கேட்டுவிட்டேன்.

ரித்வா வேலைக்குப் போயிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன். நவம்பரில் நீ அனுப்பியதை அவளுக்குக் காட்டவில்லை. தபால்காரர் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. அது என் ஏப்ரன் பைக்குள்ளேயே இருந்தது. பிறகு அடுப்பில் போட்டேன்.

அன்று மைனஸ் முப்பத்திரண்டு. ஓலவியின் சைக்கிள் ராத்திரி முழுக்க எங்கள் அடுப்புப் பக்கத்தில் நின்றது. அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஆர்வோ இரவு ஷிஃப்டில் இருந்தார். உள்ளே கொண்டுவந்தது நான் இல்லை. அண்ணனுக்குக் காலையில் சீட்டு சில்லென்று இருக்கக் கூடாதாம். நானும் நல்லதுதான் என்று சொல்லி, துடைக்கத் துணி கொடுத்தேன்.

இதுவரை வெளியே மைனஸ் பத்துதான். அடுத்த வாரம் முப்பதுக்குப் போகும் என்று ரேடியோ சொல்கிறது. அப்போது அவள் இந்தச் சைக்கிளையும் உள்ளே கொண்டுவருவாள். அவள் அப்படிப்பட்டவள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது, ஹெய்மோ.

வேறு ஒரு காரணம் எழுது. அவள் படிக்கிற மாதிரி எழுது. சீக்கிரம்.

சாய்மி

*

கெர்த்து கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"இத நான் படிச்சிருக்கக் கூடாது."

"படிச்சாச்சு. காப்பி போடு."

முப்பது வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் பிரேக் இல்லை, என் கிரீஸ் இல்லை. இப்படி ஒரு நாள் வந்தால் எழுந்து ஆர்வோவின் கல்லறைக்குப் போய்ச் சத்தமாகச் சொல்லிவிட்டு வருவேன் என்று நினைத்திருந்தேன். அப்போது உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"எழுது. மஞ்ச டப்பா" என்றேன்.

"பச்சன்னு நீங்கதானே சொன்னீங்க."

"மஞ்சன்னு எழுது."

"முப்பத்தஞ்சு வருஷம் கவுன்ட்டர்ல உக்காந்தேன். பொய்க் கடிதாசி எவ்வளவோ கைமாறிப் போயிருக்கும். என் கையால ஒண்ணுகூட எழுதினதில்ல."

"இப்ப ஒண்ணு எழுது. எழுத்துப்பிழை இல்லாம எழுது, நம்பணும்."

அவள் பேனாவை எடுத்தாள். "வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாதுன்னு என்ன காரணம் போடறது?"

"ஆணி டயர் சூட்டுல தளந்துபோயி ஆணி உதிரும்னு போடு."

"அது நெசமா?"

"எவனுக்குத் தெரியும்."

*

ஓலு, 9 சனவரி 2002

அக்காவுக்கும் ரித்வாவுக்கும்,

இரண்டு பேரும் நலமா? எனக்குச் சளி குறைந்துவிட்டது.

ரித்வா, கடுங்குளிர் வருகிறது என்கிறார்கள். சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவராதே. சூட்டில் டயர் ரப்பர் தளர்ந்து ஆணி உதிரும், புது டயர் வாங்க என்னிடம் வழியில்லை. கொட்டகையிலேயே நிற்கட்டும்.

இன்னொன்று. வயதாகிறது, வைத்துக்கொண்டு போக விருப்பமில்லை. ஓலவியின் சைக்கிளில் நான் மஞ்சள் டப்பாக் கிரீஸைப் போட்டேன். பச்சை தீர்ந்திருந்தது, அடுத்த வாரம் மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். அந்தக் குளிரில் அது கல்லாகிப் பிரேக்கைப் பிடிக்கவிடவில்லை. அந்தச் சைக்கிள் எந்த இடத்தில் நின்றிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ஆர்வோ அன்று சொன்னது சரி.

ஒரு பிரேக் போதும் என்று நினைத்தவனும் நான்தான்.

ஹெய்மோ

(எழுதியது கெர்த்து. எழுத்துப்பிழை இல்லை.)

*

கயானி, 10 பிப்ரவரி 2002

தம்பிக்கு,

குளிர் முப்பத்துநாலு வரை போய்த் திரும்பியது. என் இடுப்பு அதோடு போய்த் திரும்பவில்லை. கெர்த்துவுக்கு ஒரு ஜாடி முகில்பழ ஜாம் அனுப்பியிருக்கிறேன், உனக்கில்லை, கேட்காதே.

உன் கடிதத்தை ரித்வாவே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு விறகு எடுக்கப் போனாள். சைக்கிள் கொட்டகையில்தான் நிற்கிறது.

மஞ்சள் டப்பா என்று எழுதியிருந்தாய். நீ அந்த ஹப்பைப் பூட்டியபோது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். என் கண் அப்போதே சரியில்லை. நீ சொன்னால் மஞ்சளாகத்தான் இருக்கும்.

வசந்தத்தில் வா. முய்க்கு மீன் பொரிக்கிறேன்.

சாய்மி

*

வசந்தத்தில் போனேன். மீன் சாப்பிட்டோம். அதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. பிறகு ஆறு வசந்தம் அப்படியே போய்வந்தேன். 2009 மார்ச்சில் அக்கா போய்விட்டாள். அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய மூன்றாவது வாரம் கடைசிக் கடிதம் வந்தது. கெர்த்துவுக்குக் கண்ணில் புரை, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள்.

*

கயானி, 19 ஏப்ரல் 2009

மாமாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் இருமல் கூடியதா? நான் தூங்குகிறேன், சாப்பிடுகிறேன்.

அம்மாவின் பைபிளுக்குள் உங்கள் மஞ்சள் டப்பாக் கடிதம் இருந்தது. அம்மாவின் நிம்மதிக்காக இத்தனை நாள் பேசாமல் இருந்தேன், இனி யாருக்காக?

அன்று சைக்கிளை உள்ளே கொண்டுவந்தது நான். அது என்ன செய்யும் என்று எனக்குப் பத்தொன்பது வயதில் தெரிந்தது. மில் வாசலில் ஒருத்தர் தன் பையனைத் திட்டிக்கொண்டிருந்தார்: "சூட்டுல வெச்ச சைக்கிள வெளிய எடுத்தா பிரேக் எப்படிடா பிடிக்கும், மடையா." கையில் பால் கேனோடு நின்று கேட்டேன். அதன் பிறகு இன்றுவரை சக்கரம் வைத்த எதையும் நான் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. நீங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லையா?

அம்மா எனக்குத் தெரியாது என்று நினைத்தாள். அப்படி நினைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது. நீங்கள் எனக்காகப் பொய் சொன்னீர்கள், நான் அவளுக்காகப் பேசாமல் இருந்தேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, மாமா. உங்களுக்கும் இருக்கும்.

சைக்கிள் நன்றாக ஓடுகிறது. பின் டயரில் பதினொரு ஆணிதான் மிச்சம்.

ரித்வா

*

விறகுக் கொட்டகையில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டேன் என்று அவள் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாள். அந்த வரி எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருந்தது. ஞாபகம் மட்டும்தான் இருந்தது.

ஓலவி போய் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. ஆர்வோ, சாய்மி அக்கா, பூதக்கண்ணாடியை என்னிடமே விட்டுவிட்டு கெர்த்து, எல்லாரும் போய்விட்டார்கள். நான் எண்பத்தைந்தில் கட்டிலோடு இருக்கிறேன், என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அந்தச் சைக்கிளோடு ஓலுவுக்கு வந்து, கெர்த்து இருந்த மேல்வீட்டில் ஒருத்தி குடியிருக்கிறாள். சைக்கிள் கீழே முற்றத்தில் பனியில் நிற்கிறது. நான் சொல்லச் சொல்ல, எதையும் விடாமல், இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பவள் அவள்தான். ரித்வா.